வளரும் டிஜிட்டல் பேமென்ட் நிறுவனத்தின் தகவல் பாதுகாப்புப் பொறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேமென்ட் நிறுவனம் சிறியதாக இருக்கும்வரை பாதுகாப்பை மூத்த பொறியாளர் யாராவது கூடுதலாகப் பார்த்துக்கொள்வார். வணிகர்கள் பெருகி, தினசரிப் பரிவர்த்தனைகள் லட்சங்களைத் தொடும்போதுதான் இதற்கென்று ஒருவரை வைக்கலாம் என்ற பேச்சு எழும். அப்படிப் பொறுப்பேற்றவர்களும், ஆள் தேடும் நிறுவனர்களும், இந்த வேலைக்கு வர விரும்பும் பொறியாளர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மற்ற மென்பொருள் நிறுவனங்களின் பாதுகாப்பு வேலைக்கும் இதற்கும் அப்படியென்ன வித்தியாசம்?

மற்ற இடங்களில் தகவலைத் திருடியவன் அதை விற்றுக் காசாக்க வழி தேட வேண்டும். இங்கே ஒரு செய்தியை மாற்றி அனுப்பினாலே பணம் நகர்ந்துவிடும். போன பணம் சில நிமிடங்களில் நாலு கணக்குகளுக்குப் பிரிந்து, மீட்க முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்ததை இந்தத் துறைக்கு வரும் எல்லோரும் ஒருமுறை ஊன்றிப் படிக்க வேண்டும். வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த அதன் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரை எடுக்க வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக உத்தரவுகள் அனுப்பினார்கள். பெரும்பகுதி நிறுத்தப்பட்டது, 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் கணக்குகளுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போகவிருந்த 2 கோடி, பெறுநர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் மாட்டிக்கொண்டது. அவர்கள் தேர்ந்தெடுத்த நேரத்தைக் கவனியுங்கள். வியாழன் இரவு தொடங்கினார்கள். வெள்ளி டாக்காவில் விடுமுறை, சனி ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை, திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. உறுதிச் செய்திகளை அச்சிடும் பிரின்டரையும் முடக்கியிருந்தார்கள்.

அதாவது, திருடியவர்களுக்கு ஃபயர்வாலைவிட, பணம் உண்மையில் கைமாறும் செட்டில்மென்ட் நாட்காட்டி நன்றாகத் தெரிந்திருந்தது. பேமென்ட் நிறுவனத்தில் பாதுகாப்புத் தலைவராக இருப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எத்தனை மணிக்கு செட்டில்மென்ட் கோப்பு போகிறது, யார் அதை ஒப்புதல் செய்கிறார், கணக்குச் சரிபார்ப்பு எப்போது ஓடுகிறது, நீண்ட விடுமுறையில் அதை யார் பார்க்கிறார் என்பதெல்லாம் நிதிக்குழுவின் விஷயம் என்று ஒதுங்கிவிடக் கூடாது.

பொறுப்பேற்றதும் முதலில் எதைச் செய்வது?

கொள்கை ஆவணம் எழுத உட்காராதீர்கள். ஒரே ஒரு பரிவர்த்தனையை எடுத்துக்கொண்டு, பிறந்த இடத்திலிருந்து கடைசிவரை அதன் பின்னாலேயே போங்கள். வாடிக்கையாளர் கார்டு எண்ணைத் தட்டச்சு செய்யும் பக்கம், அதைப் பெறும் ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல்), நடுவில் கோரிக்கைகள் காத்திருக்கும் க்யூ, வங்கிக்குப் போகும் இணைப்பு, செட்டில்மென்ட் கோப்பு, ரீஃபண்ட், வாடிக்கையாளர் சேவைக்குழு பார்க்கும் திரை, அனலிட்டிக்ஸ் குழு எடுத்து வைத்திருக்கும் நகல் என எல்லாவற்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். கட்டமைப்பு வரைபடத்தில் எட்டுப் பெட்டி இருக்கும். நேரில் பார்த்தால் அதைவிட அதிகமாக இருக்கும்.

தோல்வியடையும் பரிவர்த்தனையையும் இப்படியே பின்தொடர வேண்டும், ஏனென்றால் கசிவு பெரும்பாலும் அங்கேதான். வழக்கமான பாதையில் கார்டு எண் மறைத்தே பதிவாகும். வங்கி பதில் தராமல் டைம்அவுட் ஆகும்போது, பிழையைக் கையாளும் நிரல், பின்னால் ஆராய உதவும் என்று முழுக் கோரிக்கையையும் லாக் என்னும் பதிவுக் கோப்பில் கொட்டிவிடும். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். அந்த லாக் இன்னொரு சர்வருக்குப் போய், அங்கிருந்து பேக்கப்புக்குப் போய், ஒரு வருடம் அங்கேயே கிடக்கும்.

இதைத் தேடுவது எளிது. 16 இலக்க எண்களை மட்டும் தேடினால் ஆர்டர் எண், டிராக்கிங் எண் என்று வலை நிறையக் குப்பைதான் வரும். கிடைத்தவற்றை லூன் கணக்கில் போட்டுப் பாருங்கள். கார்டு எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த முறை அது. ஏதோ ஒரு எண் தற்செயலாக அதில் தேற வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். மிஞ்சியதை நிதானமாகப் பார்க்கலாம். இந்தத் தேடலை ஒருமுறை செய்துவிட்டு விடாமல், தினமும் தானாக ஓடும்படி செய்துவிடுங்கள்.

கார்டு விவரங்களை எப்படிப் பாதுகாப்பாகச் சேமிப்பது?

சேமிக்காமல் இருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். இந்த வேலையில் நான் உறுதியாக நம்புவது இது ஒன்றைத்தான்: நம்மிடம் இல்லாததை நம்மிடமிருந்து யாரும் திருட முடியாது. என்கிரிப்ஷன், கண்காணிப்பு, அனுமதிக் கட்டுப்பாடு எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

கார்டின் பின்னாலிருக்கும் மூன்று இலக்க சிவிவி எண்ணை, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு வைத்திருக்கவே கூடாது. என்கிரிப்ட் செய்து வைத்தாலும் தவறுதான். கார்டு எண்ணுக்குப் பதிலாக டோக்கன், அதாவது அதைக் குறிக்கும் ஒரு மாற்று எண், வைத்துக்கொள்ளுங்கள். ரீஃபண்ட், சந்தா, அறிக்கை, மோசடி ஆய்வு என நிறுவனத்தின் பெரும்பாலான வேலைகளுக்கு டோக்கனும் கடைசி நாலு இலக்கமும் போதும். அசல் எண் தேவைப்படும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றைத் தனி நெட்வொர்க்கில், தனிக் கணக்கில், தனி ஆட்களின் கையில் வையுங்கள். தணிக்கை வரம்பும் இதோடு சேர்ந்து சுருங்கும் என்பதால் நிதித்துறைத் தலைவரும் உங்கள் பக்கம் நிற்பார்.

என்கிரிப்ஷன் சாவி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மூலச்சாவி எச்எஸ்எம் என்னும் தனி வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும். அதை ஏற்றும் நாளில் மூடிய அறை, எழுதிவைத்த நடைமுறை, சாட்சி எல்லாம் இருக்கும். சாவியின் ஒரு பகுதியை ஒருவர் உள்ளிட்டுவிட்டு விலகுவார். அடுத்தவர் வந்து தன் பகுதியை உள்ளிடுவார். ஒருவர் பகுதி மற்றவருக்குத் தெரியாது. பகுதிகள் எழுதிய தாள்கள், பிரித்தால் தெரிந்துவிடும் உறையில் திரும்பப் போகும், உறையின் எண் பதிவேட்டில் ஏறும். புதிதாக வரும் பொறியாளர்களுக்கு இதெல்லாம் பழங்காலச் சடங்கு போலத் தோன்றும். தனியொருவர் நினைத்தாலும், அல்லது தனியொருவரை மிரட்டினாலும், சாவி வெளியே போகாது என்பதுதான் இத்தனை ஏற்பாட்டின் பலன்.

கார்டுத் தகவல் பாதுகாப்புத் தரநிலையான பிசிஐ டிஎஸ்எஸ் சான்றிதழ் வாங்கிவிட்டோம். இன்னும் என்ன?

அமெரிக்காவின் ஹார்ட்லேண்ட் பேமென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனத்திடமும் அந்தச் சான்று இருந்தது. இணையப் படிவம் ஒன்றில் இருந்த எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டை (படிவத்தில் டேட்டாபேஸ் கட்டளையை நுழைக்க விடும் பிழை) வழியாக உள்ளே வந்தவர்கள், மெல்ல நகர்ந்து பேமென்ட் நெட்வொர்க்கை அடைந்து, வழியில் ஓடும் கார்டு எண்களை ஒட்டுக்கேட்டார்கள். 2009 ஜனவரியில் நிறுவனமே அறிவித்தது. பாதிக்கப்பட்ட கார்டுகள் 10 கோடிக்கும் மேல்.

இதனால் தரநிலை வீண் என்று சொல்லவில்லை. பிசிஐ விதிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கோ யாரோ பட்ட அடி இருக்கிறது. 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இணையதளத்தில் ஓடிய ஸ்கிரிப்டை (பக்கத்தோடு வாடிக்கையாளரின் உலாவியில் ஓடும் நிரலை) மாற்றி, வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும்போதே கார்டு விவரங்களைத் திருடினார்கள். சர்வரில் எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அதுபோன்ற தாக்குதல்கள் பெருகிய பிறகுதான், பேமென்ட் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் கணக்கு வேண்டும், அது மாறினால் தெரிய வேண்டும் என்ற விதிகள் 4.0 பதிப்பில் வந்தன. 2022 மார்ச்சில் வெளியான அந்தப் பதிப்பில், இவை 2025 மார்ச் 31 முதல் கட்டாயம்.

சான்றிதழ் என்பது ஆடிட்டர் வந்த நாட்களில், அவர் எடுத்த மாதிரிகளில், நிலைமை எப்படி இருந்தது என்பதற்கான அத்தாட்சி. வளரும் நிறுவனத்தில் அடுத்த வாரமே புதுச் சேவை ஒன்று இணைந்துவிடும். ஆகவே ஆடிட்டருக்காக ஆதாரம் சேகரிக்கும் வேலையை வருடக் கடைசியில் தலைதெறிக்கச் செய்யாமல், அன்றாட வேலையிலிருந்தே தானாகச் சேரும்படி அமையுங்கள். அதைச் செய்துவிட்டால் ஆடிட் சமயத்தில் குழு நிம்மதியாகத் தூங்கும்.

கணினிக்குள் யாரும் புகாமலே பணம் போக வாய்ப்பு உண்டா?

தாராளமாக உண்டு. வளரும் நிறுவனங்களில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

ரீஃபண்டை எடுத்துக்கொள்வோம். 1,000 மதிப்புள்ள ஒரு ஆர்டர். கெட்ட எண்ணம் கொண்ட வணிகர் ஒருவர், அதே ஆர்டருக்கு இரண்டு ரீஃபண்ட் கோரிக்கைகளைச் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் அனுப்புகிறார். முதல் கோரிக்கை, திருப்பித்தர மீதி இருக்கிறதா என்று டேட்டாபேஸைக் கேட்கிறது. 1,000 இருக்கிறது என்று பதில் வருகிறது. அது கணக்கில் கழிப்பதற்குள் இரண்டாவது கோரிக்கையும் கேட்கிறது. அதற்கும் 1,000 என்றே பதில். இரண்டும் ஒப்புதல் பெற்று, 2,000 வெளியே போகிறது. பாஸ்வேர்ட் திருடப்படவில்லை, வைரஸ் இல்லை, எந்த அலர்ட்டும் அடிக்கவில்லை. லாக்கில் எல்லாமே பச்சை. தீர்வு என்று பார்த்தால் சின்னதுதான். டேட்டாபேஸில் அந்த ஆர்டருக்கான பதிவை, வேறு கோரிக்கை தொடாதபடி பூட்டிவிட்டுப் படிக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் திரும்ப வராத ஒரு அடையாள எண் வேண்டும். ஒரே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே தர வேண்டும்.

இந்த வகையறாவில் இன்னும் நிறைய உண்டு. தொகையில் மைனஸ் போட்டு அனுப்பினால் என்ன ஆகும்? ஜப்பானிய யென்னுக்குத் தசமம் கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று தசமம். எல்லாமே இரண்டு தசமம் என்று எழுதப்பட்ட நிரல் அங்கே என்ன செய்யும்? பணம் வந்துவிட்டது என்று நாம் வணிகரின் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹுக் செய்தியில் கையொப்பம் இருக்கிறதா, இருந்தாலும் வணிகர் அதைச் சரிபார்க்கிறாரா? சரிபார்க்காவிட்டால், யார் வேண்டுமானாலும் அதே செய்தியை அனுப்பிப் பொருளை வாங்கிப் போகலாம். ஓட்டை தேடும் ஸ்கேனர் கருவிகள் இவற்றைக் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பணத்தின் ஓட்டம் தெரிந்த ஒருவர் நிரலைப் படிக்க வேண்டும். கூடவே, கணக்குச் சரிபார்ப்பில் வரும் சின்னச் சின்ன வித்தியாசங்களை நிதிக்குழு பாதுகாப்புக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, ஏன் இடிக்கிறது என்று கேட்கும் அந்தத் தினசரிக் கணக்குதான் பேமென்ட் நிறுவனத்தின் மிகச் சிறந்த அலாரம்.

மோசடித் தடுப்பும் பாதுகாப்பும் ஒரே குழுவாக இருக்க வேண்டுமா?

ஒரே தலைவர் வேண்டும் என்பதில்லை. ஒரே தகவல் இருவர் கண்ணிலும் பட வேண்டும். திருட்டுக் கார்டுகள் உயிரோடு இருக்கிறதா என்று சின்னச் சின்னத் தொகையில் சோதிப்பார்கள். மோசடிக்குழு அதை நிராகரிப்பு விகிதமாகப் பார்க்கும், பாதுகாப்புக் குழு அதை பாட் (தானியங்கி நிரல்) போக்குவரத்தாகப் பார்க்கும். தனித்தனியாக வைத்தால் இருவருமே பாதிக் கதையைத்தான் பார்ப்பார்கள்.

எஸ்எம்எஸ் ஓடிபி இருக்கிறதே, போதாதா?

இல்லாததற்கு அது மேல். ஆனால் அதையே நம்பி நிற்கக் கூடாது. 2017-ல் ஜெர்மனியில், தொலைபேசி நிறுவனங்களுக்கிடையே ஓடும் எஸ்எஸ்7 அமைப்பின் பலவீனத்தைப் பயன்படுத்தி ஓடிபிகளை வழிமறித்து வங்கிக் கணக்குகளைக் காலிசெய்தார்கள். சிம்மை மாற்றி வாங்குவது அதைவிட எளிது. போலிப் பக்கத்தில் வாடிக்கையாளரையே ஓடிபி போடவைத்து, அதே நொடியில் அசல் பக்கத்தில் அதைப் பயன்படுத்துவது எல்லாவற்றையும்விட எளிது.

குறைந்தபட்சம், ஓடிபி செய்தியில் தொகையும் பெறுநர் பெயரும் இருக்கட்டும். அந்த ஓடிபி அந்தத் தொகைக்கும் அந்தப் பெறுநருக்கும் மட்டுமே செல்லட்டும். ஐரோப்பாவின் பிஎஸ்டி2 என்னும் பேமென்ட் விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. வாடிக்கையாளர்களைப் படிப்படியாக, பாஸ்வேர்டுக்குப் பதில் கைபேசியில் இருக்கும் சாவியால் உள்நுழையும் பாஸ்கீக்கு நகர்த்துங்கள். ஊழியர்களுக்கு, குறிப்பாக அட்மின் பேனல் கையிலிருப்பவர்களுக்கு, படிப்படி என்ற பேச்சே வேண்டாம். உள்நுழையப் பயன்படும் வன்பொருள் சாவியை இன்றே கொடுத்துவிடுங்கள். போலிப் பக்கத்தில் அது வேலையே செய்யாது.

உள்ளாட்களை எப்படிச் சமாளிப்பது?

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்ற கவலை எல்லா நிறுவனருக்கும் உண்டு. சந்தேகப்பட்டு யாரையும் நடத்தாதீர்கள். நல்லவர்களின் மனம்தான் அதில் புண்படும். பணத்தை நகர்த்தும், வணிகரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் எந்தச் செயலும் ஒருவர் தொடங்கி இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் நடக்கும் என்று அமைத்துவிடுங்கள். நிறுவனர், தொழில்நுட்பத் தலைவர் (சிடிஓ) உட்பட யாருக்கும் விலக்கு வேண்டாம். புரொடக்ஷன் (உண்மைப் பரிவர்த்தனைகள் ஓடும்) டேட்டாபேஸுக்கு நிரந்தர அனுமதி கொடுக்காமல், காரணம் எழுதிக் கேட்டால் சில மணி நேரத்துக்குத் திறந்து தானாக மூடிக்கொள்ளும்படி வையுங்கள். தன் பெயரில் அனுமதி திறந்தே கிடக்காதது அந்த ஊழியருக்கும் பாதுகாப்பு. ஏதாவது நடந்தால் முதல் சந்தேகம் அவர் மேல் விழாது.

முதலில் யாரை வேலைக்கு எடுப்பது?

நிரல் எழுதத் தெரிந்த, மற்ற பொறியாளர்கள் மதிக்கும் ஒரு அப்ளிகேஷன் செக்யூரிட்டி ஆளை. அடுத்து, லாக்குகளில் மூழ்கி எழக்கூடிய ஒருவரை. மூன்றாவதாக, தணிக்கையையும் ஒழுங்குமுறையையும் பொறுமையாகக் கவனிக்கும் ஒருவரை. இந்த மூன்று பேர் கிடைக்கும்வரை விலையுயர்ந்த கருவிகளை வாங்காதீர்கள். 2013-ல் அமெரிக்க சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட்டில் 4 கோடிக் கார்டுகள் திருடுபோனபோது, கண்டறியும் கருவி எச்சரித்திருந்தது; அதைக் கேட்டு யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. அங்கே திருடர்கள் நுழைந்தது குளிர்சாதனப் பணி செய்த ஒரு வெளி ஒப்பந்ததாரரின் கணக்கு வழியாக என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பாதுகாப்புக் குழு வந்தாலே வேகம் குறைகிறது என்கிறார்களே?

குழு வாசலில் நின்று அனுமதிச் சீட்டு கேட்டால் குறையத்தான் செய்யும். கார்டு எண்ணை மறைத்துப் பதிவுசெய்யும் லாக் லைப்ரரி, ரகசியச் சாவிகளை வைக்கும் வால்ட், இரட்டைக் கோரிக்கையைத் தாங்கும் ரீஃபண்ட் மாட்யூல் எல்லாவற்றையும் நீங்களே தயார்செய்து கையில் கொடுங்கள். பாதுகாப்பான வழியே சுலபமான வழியாகவும் இருந்தால் யாரும் குறுக்குவழி தேட மாட்டார்கள்.

இயக்குநர் குழுவிடம் எப்படிப் பேசுவது?

சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களைக் காட்டாதீர்கள். இந்த ஓட்டை வழியே ஒரு இரவில் அதிகபட்சம் எவ்வளவு பணம் போகலாம், எத்தனை மணி நேரத்தில் நமக்குத் தெரியவரும், சரிசெய்ய எத்தனை பொறியாளர்-வாரம் பிடிக்கும் என்று சொல்லுங்கள். அவர்கள் பழகிய மொழி அது.

பணமில்லை, இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்தால், அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த முடிவு எழுத்தில் இருக்க வேண்டும், அதில் முடிவெடுத்தவர் பெயர் இருக்க வேண்டும், காலாவதி தேதியும் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே கேள்வி தானாக மேசைக்குத் திரும்ப வரும். தேதி இல்லாத ஒப்புதல், நாளடைவில் யாருக்கும் நினைவில்லாத ஓட்டையாகிவிடும்.

நிஜமாகவே திருட்டு நடந்துவிட்டால் முதல் சில மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பணம் போகும் குழாயை மூடுங்கள். இதற்கு முன்கூட்டியே வசதி வேண்டும். முழுச் சேவையையும் நிறுத்தாமல், ஒரு வணிகருக்கு மட்டும், ஒரு நாட்டுக்கு மட்டும், வணிகர்களுக்குப் பணம் அனுப்பும் பேஅவுட்டை மட்டும் நிறுத்தும் சுவிட்சுகள் இருக்க வேண்டும். அவற்றை அழுத்தும் அதிகாரம் இரவுப்பணியில் இருக்கும் பொறியாளருக்கே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் சிஇஓவை எழுப்பி அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால், அதற்குள் இன்னும் நூறு பரிவர்த்தனை போயிருக்கும்.

அடுத்து, ஒருவர் மட்டும் கட்டளையிட வேண்டும்; அவர் கீபோர்டைத் தொடக் கூடாது. இன்னொருவர் நேரம் போட்டு எல்லாவற்றையும் எழுத வேண்டும். அலுவலக சாட்டையும் மின்னஞ்சலையும் நம்பாதீர்கள், புகுந்தவர் அதையும் படித்துக்கொண்டிருக்கலாம். வேறொரு தொடர்பு வழி தயாராக இருக்கட்டும். பாதிக்கப்பட்ட சர்வரைப் பதற்றத்தில் அழித்துப் புதிதாக நிறுவிவிடாதீர்கள். தடயம் மொத்தமும் அதில்தான் இருக்கிறது. நெட்வொர்க்கிலிருந்து துண்டித்து, நகலெடுத்து வையுங்கள்.

அறிவிக்கும் கெடு நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 72 மணி நேரம் தருகிறது. இந்தியாவில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் விதித்த கெடு 6 மணி நேரம். கார்டு நெட்வொர்க்குகளுக்கும் கூட்டாளி வங்கிகளுக்கும் தனிக் கெடு உண்டு. யாருக்கு, எத்தனை மணிக்குள், யார் கையெழுத்தில் என்ற பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். வருடத்தில் சில முறையாவது, ஒரு கற்பனைத் திருட்டை வைத்து, சட்டக்குழு, நிதிக்குழு, வாடிக்கையாளர் சேவை எல்லோரையும் உட்காரவைத்து ஒத்திகை பாருங்கள்.

அசம்பாவிதம் நடந்தால் பாதுகாப்புத் தலைவர் தனிப்பட்ட முறையில் மாட்டுவாரா?

திருட்டு நடந்ததற்காகப் பெரும்பாலும் இல்லை. மறைத்தால் மாட்டலாம். ஊபரில் 2016-ல் 5.7 கோடிப் பேரின் தகவல் திருடப்பட்டது. அப்போதைய பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன், திருடியவர்களுக்கு, ஓட்டையைக் கண்டுசொல்பவருக்குப் பரிசு தரும் பக் பவுன்டி திட்டத்தின் பெயரில் 1,00,000 டாலர் கொடுத்து, வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்பந்தமும் வாங்கியது பின்னர் வெளியானது. 2022 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2023 மே மாதம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை கிடைத்தது.

எனவே வேலையில் சேரும் முன்பே மூன்றைக் கேளுங்கள். இயக்குநர்கள், அதிகாரிகளுக்கான பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பெயரும் உண்டா? சட்ட ஆலோசகரையும் இயக்குநர் குழுவையும் சிஇஓ வழியாகப் போகாமல் நேரடியாக அணுக முடியுமா? ஒழுங்குமுறை அமைப்புக்கு அறிவிக்கும் முடிவை யார் எடுப்பார்? மூன்றாவது கேள்விக்கு, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால், அது எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.